துண்டு போட்ட இடம் மட்டும் தப்பியது! தனுஷ்கோடி வெயிலும் இரண்டாம் நாள் அரிப்பும்

இரவு இரண்டு மணி. ராமேஸ்வரம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ். மொட்டை மாடியில் 46 வயது மனிதர் ஒருவர் இந்தக் கைப்பிடிச் சுவருக்கும் அந்தக் கைப்பிடிச் சுவருக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். மேலே சட்டை இல்லை. மனைவி நனைத்துப் போட்ட வேட்டி முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நின்றால் அரிக்கிறது. உட்கார்ந்தால் இன்னும் அரிக்கிறது. சொறிந்தால், தோலுக்கு அடியில் ஆயிரம் செவ்வெறும்புகள் ஒரே நேரத்தில் கடிப்பது போலிருக்கிறது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர் அவர். இறந்து ஓராண்டான அம்மாவுக்காகக் கடலில் நீராடித் தர்ப்பணம் கொடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். உடன் மனைவி, பன்னிரண்டு வயது மகள், அம்மாவின் தங்கையான சித்தி.

அந்த இரவில் அவருக்கு அரிப்பைவிடப் பெரிய துன்பம், சித்தி சொன்ன ஒரு வார்த்தை.

"கண்ணு, அக்காளுக்கு ஏதோ கொறை வெச்சுப்போட்டோம். விடிஞ்சதும் மறுபடியும் தனுஷ்கோடி போயி ஒருக்கா முழுகிட்டு வந்தாத்தான் சரியாகும்."

அம்மா கண் மூடியபோது அவர் ஊரில் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சி ஏற்கெனவே உள்ளே இருந்தது. "சரிங்க சித்தி" என்று சொல்லிவிட்டார்.

நெருப்பை மறைத்த காற்று

இரண்டு நாள்களுக்கு முன்பு எல்லாமே நன்றாகத்தான் தொடங்கியது. பங்குனி முடிந்து சித்திரை பிறக்க மூன்று நாள்கள் இருந்தன. வேன் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும், பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தை மகள் போட்டோ எடுத்தாள். காலை ஒன்பது மணிக்கெல்லாம் தனுஷ்கோடி சாலை.

ராமேஸ்வரத்தில் இருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். கோதண்டராமர் கோயில் பிரிவைத் தாண்டி, முகுந்தராயர் சத்திரத்தையும் கடந்துவிட்டால் சாலையின் இரு பக்கமும் மணலும் கடலும்தான். 2017-ல் இந்தச் சாலை திறக்கப்படும் வரை, இங்கிருந்து மணலில் உருண்டு வரும் வேன்களில்தான் முனைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது கார், வேன் எல்லாம் அரிச்சல்முனை வரைக்கும் போகின்றன.

வழியில் கூரையில்லாமல் நிற்கும் தேவாலயம். 1964 டிசம்பரில் ஓர் இரவில் அடித்த புயல், ஊரையும் ரயில் நிலையத்தையும் அழித்தது. பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போனது. மிஞ்சிய சுவர்களுக்குப் பக்கத்தில் இன்று சங்கு, சோழி மாலை விற்கும் கடைகள். அங்கே வாழும் மீனவக் குடும்பங்களுக்கு, கடலோர மணலைத் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீர்தான் ஆதாரம்.

முனையில் நின்றால் ஒரு பக்கம் அலை அடங்கிய பெண் கடல். மறுபக்கம் சீறும் ஆண் கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று. நிழல்தான் இல்லை.

தர்ப்பணத்துக்காகச் சட்டையைக் கழற்றியவர், அதன் பிறகு போடவில்லை. மூன்று முழுக்குப் போட்டு, ஈரத் துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டார். மகள் அலையில் கால் நனைக்க, அவரும் கூடவே நின்றார். "வெயிலே தெரியலீங்க, என்னமா காத்து!" என்று மனைவியிடம் சொன்னதும் அப்போதுதான். வேனில் ஏறும்போது மணி ஒன்றரை.

அவரை ஏமாற்றியது அந்தக் காற்றுதான். தோலைச் சுடவைப்பது வெயிலின் வெப்பம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத, உடலுக்கும் உறைக்காத புற ஊதாக் கதிர்கள். காற்றும் ஈரமும் உடம்பைக் குளிர்விக்கும், கதிரைத் தடுக்காது. போதாக்குறைக்கு, காய்ந்த மணல் சுமார் 15 சதவிகிதக் கதிர்களையும், கடல் நுரை சுமார் 25 சதவிகிதத்தையும் திருப்பி அடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில்கூட, மேலே இருப்பதில் 40 சதவிகிதம் இருக்குமாம்.

அவர் போன நாளும் அப்படிப்பட்டது. ராமேஸ்வரத்தில் சித்திரை முதல் தேதியையொட்டிய நாள்களில், நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நேராக நின்றால் நம் நிழல் நம் காலுக்கடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது. வருடம் முழுவதும் சட்டைக்குள் இருந்த முதுகு அது. முகமும் முன்னங்கையும் வெயிலுக்குப் பழகியிருக்கும், முதுகு பழகியிருக்காது. "நமக்கெல்லாம் கறுப்புத் தோல், சன் பர்ன் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும்" என்ற பேச்சும் பாதி உண்மைதான். மாநிறத் தோலில் உள்ள மெலனின் ஓரளவு காப்பாற்றும், முழுதாகக் காப்பாற்றாது. சிவப்பது நம் நிறத்தில் பளிச்சென்று தெரியாததால், வெந்ததே தெரியாமல் போய்விடுகிறது.

22 தீர்த்தமும் ஒரு பொய் நிம்மதியும்

அன்று மாலையே முதுகு காய்ந்தது. இரவில் மல்லாந்து படுக்க முடியவில்லை. மறுநாள் காலை அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்துவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் ஒவ்வொன்றாக நீராடினார்கள். வாளியில் இறைத்து ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் முதுகில் பட்டபோது உயிர் வந்ததுபோல் இருந்தது. வெளிப் பிராகாரத்தின் நீண்ட தூண் வரிசை நிழலில் நடந்தபோது, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

அன்று இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தது அரிப்பு.

முதலில் தோள்பட்டையில் சின்னக் குறுகுறுப்பு. அரை மணி நேரத்தில் முதுகு முழுக்கப் பரவியது. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. சித்தி தேங்காய் எண்ணெய் தடவினார், எரிச்சல் கூடியது. வெந்நீரில் குளித்தால் அடங்கும் என்று யாரோ போனில் சொன்னார்கள். குளித்தார். அதன் பிறகுதான் மொட்டை மாடிக்கு ஓடினார்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஹெல்ஸ் இட்ச்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நரகத்து அரிப்பு. வெயில் பட்ட ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் வரும். சூடுபட்ட எல்லோருக்கும் வருவதில்லை, வருகிற சிலரைத் தூங்கவிடாமல் அடித்துப்போடும். வெயில் பட்டு முடிந்து, வலி குறையத் தொடங்கிய பிறகு வருவதால், இதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்றே பலருக்குத் தோன்றாது. சாப்பாட்டு அலர்ஜி என்பார்கள், கடல் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், சாமி குத்தம் என்பார்கள்.

மகள் கேட்ட கேள்வி

விடியற்காலை. வேனை வரச் சொல்லியாகிவிட்டது. அப்பாவின் முதுகில் மறுபடியும் ஈரத்துணி போட வந்த மகள், செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். முதுகு முழுக்கக் கருஞ்சிவப்பு. இடது தோளில் இருந்து கீழே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பழைய நிறம்.

"அப்பா, இந்த இடம் அரிக்குதா?"

"இல்லையே கண்ணு."

"துண்டு போட்டிருந்த இடம்ப்பா அது. அப்பத்தா கோவிச்சுக்கிட்டாங்கன்னா, துண்டு போட்ட இடத்தை மட்டும் எதுக்கு விட்டுட்டாங்க?"

சித்தி எழுந்து வந்து பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வேன் தனுஷ்கோடிக்குப் போகவில்லை, டாக்டர் வீட்டுக்குப் போனது.

அந்தப் பெண் மருத்துவர் முதுகைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" டாக்ஸிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகள் ஆகியவை தோலை வெயிலுக்குச் சீக்கிரம் சுடவைக்கும். அவர் எதுவும் சாப்பிடவில்லை.

"புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் செத்துப்போயிருக்கு. அதைச் சரிபண்ண உடம்பு வேலை செய்யுது. அந்த வீக்கத்துல நரம்பு முனைகள் எல்லாம் முழிச்சிக்கிட்டு இருக்கு. அதான் இந்த அரிப்பு. ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். சொறியாம இருக்கிறதுதான் உங்க வேலை" என்றார் மருத்துவர். பிறகு சித்தியைப் பார்த்து, "பாட்டி, இன்னைக்கு இவரை வெயில்ல கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றார்.

அரிப்பை அடக்க என்ன செய்யலாம்?

அவருக்குச் சொல்லப்பட்டதும், தோல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதும் இவைதான்.

* குளிர்ந்த தண்ணீரில் ஒரு நாளைக்குப் பலமுறை, 10-15 நிமிடம் குளிக்கலாம். முடியாவிட்டால் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி போதும். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். வெந்நீர் வேண்டவே வேண்டாம்.

* துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவலாம். ஃபிரிட்ஜில் வைத்துத் தடவினால் இன்னும் இதம்.

* சோற்றுக் கற்றாழை நல்லதுதான். வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும். அது முழுதாக வடிந்த பிறகு, கழுவிவிட்டு உள்ளிருக்கும் சதையை மட்டும் தடவ வேண்டும்.

* சூடு அடங்குவதற்கு முன் எண்ணெய், வாசலின், வெண்ணெய் தடவினால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். எலுமிச்சைச் சாறு கூடாது, அதோடு வெயிலில் போனால் புதிதாகப் புண் வரும்.

* மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் வகைக் களிம்புகளால் சிலருக்கு அலர்ஜி வரும். தவிர்ப்பது நல்லது.

* செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை தூக்கத்துக்கு உதவலாம், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. வலிக்கும் வீக்கத்துக்கும் தரும் ஐபுப்ரோஃபென் மாத்திரையை, வயிற்றுப் புண், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. எந்த மாத்திரையானாலும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

* நகத்தை வெட்டிவிடுங்கள். தளர்வான பருத்தித் துணி உடுத்துங்கள். தண்ணீர், மோர், இளநீர் நிறையக் குடியுங்கள்.

பெரிய கொப்புளங்கள், காய்ச்சல், நடுக்கம், வாந்தி, தலைசுற்றல், குழப்பமான பேச்சு, சீழ் என்று எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைக்குழந்தைக்குச் சூடுபட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. கடலில் இறங்கிய உடனேயே, கோடு கோடாகத் தடித்து எரிந்தால் அது வெயிலாக இருக்காது. சொறி மீன் பட்டிருக்கலாம்.

தனுஷ்கோடி போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் கரையேறிவிடலாம், அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் கிளம்பும் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்த பிறகும் மறுபடி தடவ வேண்டும். சடங்குக்காகச் சட்டையைக் கழற்றுகிறவர்கள், மந்திரம் முடிந்ததும் முதல் வேலையாக அதைத் திரும்பப் போட்டுக்கொண்டால் போதும், பாதி ஆபத்து குறைந்துவிடும்.

நான்காம் நாள் காலை

குடும்பம் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியது. அன்று பகல் முழுக்க லாட்ஜ் அறைக்குள் ஈரத்துணியும் ஃபேன் காற்றுமாகக் கழிந்தது. அரிப்பு வரும்போதெல்லாம் மகள் சீட்டுக்கட்டை எடுத்துப்போட்டாள், கை சும்மா இருந்தால்தானே சொறியும்? இரவில் அவர் நான்கு மணி நேரம் தூங்கினார்.

ஊருக்குக் கிளம்பும் முன், சூரியன் எழும் நேரத்தில் அக்னி தீர்த்தக் கரைக்குப் போனார்கள். முழுக்கைப் பருத்திச் சட்டையோடு அவர் கணுக்கால் நீரில் நின்றார். முழுகவில்லை. சித்தி ஒரு கை தண்ணீரை அள்ளி அவர் தலையில் மட்டும் தெளித்தார்.

"போதும் கண்ணு. அக்காளுக்குத் தெரியும். வெயில் ஏறுறதுக்குள்ள வண்டில ஏறு, போலாம்."