வலிக்கு ஐயாயிரம்

வலிக்கும் வேதனைக்கும் நம் சட்டத்தில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் என்றால் 5,000 ரூபாய். மற்றக் காயங்களுக்கு 1,000 ரூபாய். 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த இரண்டாம் அட்டவணை அது. 2018 வரை அந்தத் தொகை மாறவே இல்லை.

அந்தப் பட்டியலில் அடங்கியவர்களில் என் சித்தியும் ஒருவர். 2005இல் ஒரு வேன் இடித்ததில் அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. சாட்சி சொல்ல ஆள் வரவில்லை. 166ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு வரம்பு கிடையாது. ஆனால் ஓட்டுநரின் தவறை நிரூபிக்க வேண்டும். 163ஏ பிரிவில் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டவணையைத் தாண்ட முடியாது. வக்கீல் இரண்டாவதைத்தான் போடச் சொன்னார்.

மருத்துவச் செலவுக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். வருமான இழப்பு? சம்பாதிக்காத மனைவியின் வருமானம் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று அட்டவணை எழுதி வைத்திருந்தது. விடிவதற்குமுன் எழுந்து ஆறு பேருக்குச் சமைத்தவரின் உழைப்பு அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது வலி. சித்தியால் தரையில் உட்கார முடியாது. பேருந்துப் படி ஏற முடியாது. பேத்தியை இடுப்பில் தூக்கி வைக்க முடியாது. கணவனோடு படுப்பதும் வேதனைதான் என்று என் அம்மாவிடம் மட்டும் சொன்னார். அதை வக்கீலிடம் எப்படிச் சொல்வது? மனுவில் இருந்தது ஒரே வரி: 'மிகுந்த வலியும் வேதனையும்.'

எல்லோருக்கும் ஒரே வரம்புதானே, இதில் ஆணென்ன பெண்ணென்ன என்று கேட்கலாம். சம்பளம் வாங்குபவரின் இழப்பீடு வருமானக் கணக்கில் ஏறும். சம்பளச் சீட்டு இல்லாதவளுக்குப் பெரிய இழப்பே வலிதான். பூட்டுப் போட்டது அங்கேதான்.

இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்புண்டு என்று 2009இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் விரிவாக எழுதினார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து 'வேலை செய்யாதோர்' என வகைப்படுத்தியதை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2022 முதல் 163ஏ இல்லை. புதிய 164ஆம் பிரிவு, தவறை நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தருகிறது. தொகை கூடியிருக்கிறது. ஆனால் அதுவும் யாருடைய வலி, எத்தனை வருட வலி என்று கேட்காத ஒற்றைத் தொகைதான்.

166ஆம் பிரிவு இன்றும் இருக்கிறது. அங்கே வலியைப் பற்றிப் பேச இடமுண்டு. நாளை உங்கள் வீட்டுப் பெண்ணுக்காக மனு எழுத நேர்ந்தால், அந்த ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள். எதைச் செய்ய முடியவில்லை, எங்கே வலிக்கிறது, எந்த நேரத்தில் என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். சொல்லக் கூச்சப்படுவதையும் சேர்த்து.