தேனி மலைகளுக்குப் பெயர் என்ன?

கம்பத்தில் நின்று மேற்கே பாருங்கள். ஒரு நீளமான சுவர் மாதிரி மலை நிற்கும். "அந்த உச்சிக்கு என்ன பேர்?" என்று ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டால், பெரும்பாலும் உச்சியின் பெயர் வராது. "அதுவா, கம்பம்மெட்டு மலை" என்பார்கள். போடியில் கேட்டால் போடிமெட்டு, தேவாரம் பக்கம் போனால் சாக்கலூத்துமெட்டு. மேகமலைக்கு மேலே ஏறினால் அங்கேயும் ஒரு மகாராஜாமெட்டு!

இந்த மெட்டு என்பது சிகரம் இல்லை. பாதை மலையில் ஏறி மறுபக்கம் இறங்கத் தொடங்கும் இடம், அதாவது இரண்டு உச்சிகளுக்கு நடுவே இருக்கும் தாழ்வு. பள்ளத்தாக்கு மக்கள் ஏலத்தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் இந்த வழியாகத்தான் மலை ஏறினார்கள். உச்சியில் அவர்களுக்கு என்ன வேலை? கடக்கிற இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். உச்சிக்குப் பெயர் தேவைப்பட்டது கருவியைத் தூக்கிக்கொண்டு வந்த சர்வேக்காரர்களுக்கு.

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேல்ஸ் நாட்டில் இதையே பொழுதுபோக்காகச் செய்கிற ஒரு கூட்டம் உண்டு. பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்து மலைகளின் உண்மையான பெயரைத் தேடுவார்கள். பிறகு நவீன ஜி.பி.எஸ். கருவியோடு ஏறி உயரத்தை அளந்து பட்டியலில் சேர்ப்பார்கள், அல்லது நீக்குவார்கள். அங்கே 2000 அடி (609.6 மீட்டர்) இருந்தால்தான் மலை என்பது பலர் வைத்திருக்கும் கணக்கு. மினித் கிரைக் கோச் என்ற குன்று அதிகாரபூர்வ வரைபடத்தில் 609 மீட்டர். 2008-ல் மூன்று பேர் போய் அளந்தார்கள், 609.75 மீட்டர் வந்தது. வெறும் 15 சென்டிமீட்டரில் குன்று மலையாகிவிட்டது :-)

உயரம் மட்டும் போதாது என்பதும் அவர்கள் கணக்குதான். ஒரு உச்சியிலிருந்து அதைவிட உயரமான இன்னொரு உச்சிக்குப் போக, குறைந்தபட்சம் எவ்வளவு கீழே இறங்க வேண்டும்? அந்த இறக்கத்தை வைத்துத்தான் அது தனி மலையா, பெரிய மலையின் தோள்பட்டையா என்று முடிவு செய்கிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. தொட்டபெட்டா 2637 மீட்டர், மூணாறு பக்கம் இருக்கும் மீசைப்புலிமலை 2640 மீட்டர். மூன்று மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் தொட்டபெட்டாவிலிருந்து ஆனைமலைப் பக்கம் போக வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாய் வரை இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். மீசைப்புலிமலையிலிருந்து ஆனைமுடிக்கு (2695 மீட்டர்) அவ்வளவு இறங்க வேண்டியதில்லை. உயரத்தில் தோற்ற தொட்டபெட்டா தனித்தன்மையில் ஜெயித்துவிடுகிறது.

இப்போது மெட்டுக்கு வருவோம். இறங்கும் அந்தத் தாழ்வான இடத்தை அளக்காமல் எந்த மலையையும் வகைப்படுத்த முடியாது. தேனிக்காரர்கள் பெயர் வைத்தது அதே மாதிரியான இடங்களுக்குத்தான்! எல்லா மெட்டும் கணக்குக்குச் சரியான தாழ்வாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தேடலை அங்கே தொடங்கலாம்.

பழைய வரைபடம் என்றால் வார்டு என்ற ராணுவ அதிகாரியைச் சொல்லாமல் முடியாது. 1816 முதல் 1820 வரை கானர் என்பவரோடு சேர்ந்து திருவிதாங்கூர், கொச்சி பகுதிகளை அளந்தவர். 1821-ல் கொடைக்கானல் மலைகளுக்கு வந்தார். அவருடைய குறிப்பில் அந்த மலைகளின் பெயர் 'வர்ராகெர்ரி', 'குன்னுன்டேவன்'. என்ன மொழி என்று குழம்ப வேண்டாம். முதலாவது வராககிரி, இரண்டாவது கண்ணன் தேவன். இன்றைக்கு வராககிரி என்றால் பலருக்குத் தெரியாது, பழனி மலை அல்லது கொடைக்கானல் மலைதான். ஆனால் பெரியகுளம் வழியாக ஓடும் வராக நதியில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணன் தேவனோ டீத்தூள் பாக்கெட்டில் பிழைத்துக்கொண்டார்!

எல்லாப் பெயருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேகமலையை வெள்ளைக்காரர்கள் 'ஹைவேவிஸ்' ஆக்கினார்கள், அலை அலையாக இருக்கிறதாம். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக்குப் பச்சகூமாச்சி என்று பெயர். கூமாச்சி என்றால் கூம்பிய உச்சி. பச்சைப் பசேலென்று கூர்மையாக நிற்கும் மலை ஒரே சொல்லில் கண்முன் வந்துவிடுகிறது. சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

அளக்கிற விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது, மலையேறும் நண்பர்கள் கவனிக்கவும். ஜி.பி.எஸ். நேரடியாகக் கணக்கிடுவது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை அல்ல. பூமியை ஒரு நீள்கோளமாகக் கற்பனை செய்து அதிலிருந்து அளக்கிறது. தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்தக் கற்பனைக் கோளத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத கருவியோடு ஏறினால் மலை 90 மீட்டர் குட்டையாகிவிடும். 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்த உயரக் கணக்கும் கூரான பாறை உச்சிகளைச் சற்று மழுக்கித்தான் காட்டும், ஒவ்வொரு சதுரத்துக்கும் சராசரி எடுப்பதால்.

இதெல்லாம் வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் கூடலூருக்கு மேலே இருக்கும் வண்ணாத்திப்பாறையைப் பார்க்கட்டும். கண்ணகி கோயில் இருக்கும் மலை அது. கேரளத்தில் மங்களாதேவி. சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் இரண்டு மாநில அதிகாரிகளும் நின்று பக்தர்களை அனுமதிக்கிறார்கள். கோயில் யார் எல்லையில் இருக்கிறது என்ற வாதத்தில் தமிழ்நாட்டுத் தரப்பு எடுத்து வைப்பது 1817-ஆம் வருடத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி சர்வேயை. இருநூறு வருடத்துக் கோடு ஒன்று இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறது.

பெயர்களை எங்கே தேடுவது? சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் தேடினால் தேனி ஊர் 58 எஃப் தொகுதியில், கம்பம் 58 ஜி-யில். பத்தாவது அட்சரேகை தேனிக்குக் கொஞ்சம் தெற்கே போவதால் வந்த வினை, மாவட்டமே இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒட்டி வைத்தாலும் பல உச்சிகளில் வெறும் எண்தான் இருக்கும். வி.ஏ.ஓ. அலுவலகத்து 'அ' பதிவேட்டில் கரடு, பாறை எல்லாம் கிடைக்கலாம். காட்டு எல்லை தொடங்கும் இடத்தோடு அந்தக் கணக்கு நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள பெயர்கள் வருசநாட்டு மலையில் தேன் எடுக்கும் பளியர்களிடமும், தலைச்சுமையோடு மெட்டு ஏறிய பெரியவர்களிடமும் இருக்கின்றன. உயரத்தை அடுத்த வருடம்கூட அளந்துகொள்ளலாம், அந்தப் பெரியவர்களுக்கு இப்போதே எண்பது வயதுக்கு மேல்.