கோடியக்கரையில் ஒரு சமாதானம்!

வேதாரண்யத்தில் பஸ் ஏறினால் கோடியக்கரை பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று உப்பளம். உள்ளே நானும் நண்பனும் 'உர்'ரென்று! சண்டைக்குக் காரணம் பெண் இல்லை சார், ஒரு பாட்டு.

காலேஜில் எங்களுக்கு ஒரு பேண்ட் இருந்தது. 'பங்க்' ராக். அதாவது மூன்று கார்டு, முப்பது கத்தல், இரண்டே நிமிஷம். பாட்டு முடிந்தது தெரியாமல் கூட்டம் காதைப் பொத்திக்கொண்டே நிற்கும். ஒருநாள் அவன், "மெலடியா ஒண்ணு பண்ணலாம்டா" என்றான். "துரோகி!" என்றேன். பேண்ட் உடைந்தது.

எங்கள் குலதெய்வமான கலிபோர்னியாவின் 'கிரீன் டே'வுக்கும் இதே கதிதான். பெர்க்லியில் கில்மன் தெரு கிளப்பில் கத்திக் கத்தி வளர்ந்தவர்கள். பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டதும் கிளப் கதவு மூடிக்கொண்டது. 1994-ல் 'டூக்கி' கோடிக்கணக்கில் விற்றது. 1997-ல் கிடாரும் வயலினுமாக 'குட் ரிடன்ஸ்' என்ற மெல்லிசை! அதை பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் 'டூக்கி'க்கு முன்பே எழுதி, ஒத்துவராது என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஆக, மெலடி நடுவில் வந்ததில்லை. உள்ளேயே இருந்திருக்கிறது.

காலையில் வேதாரண்யம் கோயிலுக்குப் போயிருந்தோம். அம்பாள் பெயர் 'யாழைப் பழித்த மொழியாள்'. அவள் குரலைக் கேட்ட சரஸ்வதி வீணையைக் கீழே வைத்துவிட்டாளாம். இங்கே சரஸ்வதி கையில் வீணை கிடையாது. "அவளை யாரும் துரோகின்னு சொல்லலையே" என்று முணுமுணுத்தான் நண்பன். எனக்குச் சுருக்கென்றது.

கோடியக்கரையில் வெளிமான்கள் எங்களைப் பார்த்து, 'இதுகளும் வந்துடுச்சா' என்கிற மாதிரி திரும்பிக்கொண்டன. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் 2004 சுனாமியோடு போய்விட்டது. சதுப்பில் தூரத்தில் பூநாரைக் கூட்டம். வாத்து மாதிரி ஒரே கத்தல், அசல் பங்க்! திடீரென்று எழும்பிச் சிறகை விரித்தன. வானமெல்லாம் ரோஜா நிறம். கத்தினதும் இதே பறவைதானே?

இருபது வருஷத்துக்கு மேல் மூடியிருந்த கில்மன் கதவு, 2015 மே மாதம் ஒரு நிதி கச்சேரிக்காகக் கிரீன் டேவுக்குத் திறந்தது. கிளப்பே மனசு மாறும்போது நான் எம்மாத்திரம்?

இயர்போனில் ஒரு முனையை நண்பனிடம் நீட்டினேன். 'குட் ரிடன்ஸ்' ஓடிற்று. கண்ணை மூடிக் கேட்டவன் மெதுவாகச் சொன்னான்:

"சவுண்டைக் கொஞ்சம் ஏத்துடா!"