பந்துக்குச் சாணை

மில்வாக்கி நகரின் புறப்பகுதியொன்றில் வாழும் வரலாற்று ஆசிரியர் ஒருவர், தமது ஐம்பத்தெட்டாம் வயதில், பல வாரத் தயக்கத்திற்குப் பின் 280 டாலர் கொடுத்து ஓர் இயந்திரம் வாங்கினார். அடியில் ஒரு மின்மோட்டார், அதன்மேல் கிண்ணம் போன்ற ஒரு வளையம், அவ்வளவே. வளையத்தின்மீது பௌலிங் பந்தை வைத்து விசையைத் தட்டினால், குயவர் சக்கரத்து மண்ணைப்போல் பந்து சுழலும். சுழலும் பந்தின்மேல் ஈரமான உப்புத்தாளைப் பிடித்தால் அதன் மேற்பரப்பு சீராகத் தேயும். ஸ்பின்னர் என்பது அதன் பெயர். கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே பேசப்படுவது மரத்தளத்தில் பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் ஆட்டம்.

ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஒரு கனத்த உருண்டைக்குச் சாணை பிடிக்கவேண்டிய தேவை என்ன? விடை தடத்தில் இருக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து முதற்பின் வரை 60 அடி. அதில் ஏறத்தாழ முதல் 40 அடிக்கு எண்ணெய் பூசப்பட்டிருக்கும்; எஞ்சிய பகுதி உலர்ந்திருக்கும். பந்து எண்ணெயில் வழுக்கிச் சென்று, உலர்ந்த இடத்தில் பிடிப்புப் பெற்று வளைந்து திரும்புகிறது. எங்கே, எவ்வளவு விரைவில் திரும்பும் என்பதைப் பந்தின் மேற்பரப்பிலுள்ள நுண்கீறல்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் இவ்விளையாட்டின் விதிகளை வகுக்கும் அமைப்பு நடத்திய பந்தியக்க ஆய்வும், பந்தின் உட்கருவைவிட மேற்பரப்பின் சொரசொரப்பே பெருந்தாக்கம் உடையது என்றுதான் கண்டது. அந்தச் சொரசொரப்போ நிலையானதன்று. ஒவ்வோர் ஆட்டத்திலும் தடத்தில் உரசிக் கீறல்களின் முனைகள் மழுங்குகின்றன. நுண்துளைகளில் எண்ணெய் ஏறுகிறது. நேற்று நன்றாக வளைந்த பந்து அடுத்த மாதம் நேராக ஓடுகிறது; ஆட்டக்காரர் தம் கையையே குறைகூறிக்கொள்கிறார்.

இந்தத் தொல்லை பழையதன்று. தொடக்கத்தில் லிக்னம் வைட்டே என்னும் கடுமரத்தில் பந்துகள் கடையப்பட்டன. 1905 முதல் கெட்டி ரப்பர், பின்னர் பாலியஸ்டர், 1980களில் யூரித்தேன் என்று பொருள் மாறியது. ரப்பர்ப் பந்து ஒன்றை வாங்கியவர் அதைப் பல்லாண்டு உருட்டலாம். துணியால் துடைத்தால் போதும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துகளே நிலைமையை மாற்றின. அவை எண்ணெயை உறிஞ்சுவதால் தடத்தைக் கூடுதலாகப் பற்றுகின்றன. அதே காரணத்தால் விரைவில் ஆற்றல் குன்றுகின்றன. ஆற்றலும் தேய்வும் ஒரே பண்பின் இரு முகங்கள். வீட்டில் ஸ்பின்னர் வாங்கும் வழக்கம் இந்த வேதியியலின் பின்விளைவு.

ஆசிரியர் வாங்குமுன் கணக்கிட்டுப் பார்த்தார். லீக் ஆட்டமும் பயிற்சியுமாக ஆண்டுக்குச் சுமார் 190 ஆட்டங்கள். அறுபது ஆட்டங்களுக்கு ஒருமுறை மேற்பரப்பைப் புதுப்பிக்கவேண்டும் என்று கொண்டால் ஆண்டுக்கு மூன்று முறை. கடையில் ஒரு முறைக்கு 30 டாலர். ஆக, இயந்திரத்தின் விலை மீள மூன்றாண்டுக்கு மேலாகும். உப்புத்தாள் வில்லைகளின் செலவு தனி. கணக்கு வாங்காதே என்றுதான் சொன்னது. ஆயினும் அவருடைய கை வேறொன்றைச் சொன்னது. பெருவிரல் மூட்டில் வாதம். பந்தை மடியில் வைத்துக் கையாலேயே தேய்த்துவந்த பழக்கம் இனி இயலாது. கடையும் இப்போது வாரத்தில் செவ்வாய், சனி ஆகிய இரு பிற்பகல்களில் மட்டுமே திறந்திருக்கிறது. செவ்வாயன்று அவருக்கு வகுப்பு.

தயக்கத்தின் வேர் அந்தக் கடையில்தான் இருந்தது. பௌலிங் கூடத்தின் ஒரு மூலையில் இருபதாண்டுகளுக்கு மேலாக அதை நடத்திவருபவருக்கு எழுபது கடந்துவிட்டது. ஆசிரியரின் விரல் அளவுகள் அவருடைய அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. புதுப்பந்துக்குத் துளையிடுவதில் வரும் வருவாய் குறைந்துவிட்ட காலத்தில், தேய்த்தலும் மெருகூட்டலுமே கடையின் வாடகையைத் தாங்கின. ஆண்டுக்கு 90 டாலர் அவருக்குப் பேரிழப்பன்று. ஆனால் லீகிலுள்ள நாற்பது பேரும் தனித்தனியே இதையே எண்ணினால்? ஒவ்வொருவருக்கும் நியாயமான முடிவு, எல்லோருக்குமாகச் சேரும்போது ஒரு கடையின் கதவை மூடிவிடும். வகுப்பறையில் பலமுறை விளக்கிய இந்த முரண், தம் நிலவறையில் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது வேறொரு கனத்துடன் அவருக்குத் தெரிந்தது.

இவ்விளையாட்டைப் பற்றிச் சமூகவியல் படித்தவர்கள் ராபர்ட் புட்னத்தை நினைக்காமலிருக்க முடியாது. 1980க்கும் 1993க்கும் இடையில் அமெரிக்காவில் பௌலிங் ஆடுவோர் தொகை பத்து விழுக்காடு கூடியது, லீகில் சேர்ந்து ஆடுவோர் தொகையோ நாற்பது விழுக்காடு குறைந்தது என்று 1995ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் சுட்டினார். 2000இல் அது நூலாக விரிந்தது. தனியே உருட்டுவதைப் பற்றி அவர் எழுதினார். தனியே சாணை பிடிப்பதையும் அவ்வரிசையில் சேர்க்கலாமா என்பதே ஆசிரியரைத் தொந்தரவு செய்த கேள்வி.

இயந்திரம் கற்றுத்தந்த முதற்பாடம் இயற்பியலினது. சுழலும் பந்தின் நடுக்கோடு விரைந்து ஓடுகிறது. உச்சிப்புள்ளியோ நின்ற இடத்திலேயே திரும்புகிறது. ஆகவே ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் நடுவில் ஆழமாகவும் உச்சியில் மேலோட்டமாகவும் கீறும். பந்தைத் திருப்பித் திருப்பி வைத்து, ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரே நேரமும் ஒரே அழுத்தமும் தரவேண்டும். முதலில் 500 எண் வில்லை, அடுத்து 1000, பின்னர் 2000. ஒவ்வொன்றும் முந்தியதன் கீறலை அழித்துத் தன் கீறலை விட்டுச்செல்லும். ஆசிரியர் கடிகாரம் வைத்துக்கொண்டு நான்கு பக்கமாகச் செய்தார். நாள், வில்லை எண், ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினார். போட்டி தொடங்கியபின் மேற்பரப்பை மாற்ற விதி இடந்தராது. 2019 ஆகஸ்டில் போட்டிக்கிடையே திரவத்தால் துடைப்பதற்கும் தடை வந்தது; அப்போது உலர்துணிக்கு மட்டுமே இடமிருந்தது. வியாழன் ஆட்டத்திற்குரிய வேலை புதன் இரவே முடிந்தாக வேண்டும்.

ஆறு வாரம் அவர் கடைப்பக்கம் போகவில்லை. பின்னர் மூட்டு வீங்கியதால் பெருவிரல் துளையை அகலப்படுத்தும் தேவை வந்தது. அது ஸ்பின்னரால் ஆகும் காரியமன்று. கடைக்காரர் பந்தை வாங்கி விளக்கின்கீழ் சற்றே சாய்த்தார். கையால் தேய்த்த கீறல் திசையின்றிக் கிடக்கும்; இயந்திரத்தின் கீறல் வட்டவட்டமாக ஓடும். அவருக்கு ஒரு கணம் போதுமானதாக இருந்தது.

"எத்தனை பக்கம்?" என்று கேட்டார்.

"நான்கு."

"ஆறு பக்கம் செய்யுங்கள். கையை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். உச்சிக்கும் நடுவுக்குமாக ஓட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள்."

துளையை அகலப்படுத்தி, வழக்கமான கூலியை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமை திறக்கப்போவதில்லை என்றும் சொன்னார். முழங்கால் வலி என்பது அவர் கூறிய காரணம். அது முழுக்காரணமா என்று ஆசிரியர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடையை எப்படி எடுத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரிந்திராது.

செவ்வாய் மூடியபின் லீக் தோழர்கள் இருவர் தம் பந்துகளைப் புதன் இரவில் கொண்டுவரத் தொடங்கினர், பிறகு நால்வராயினர். நிலவறையில் மோட்டார் இரைய, ஒருவர் தேய்க்க, மற்றவர்கள் சென்ற வார ஆட்டத்தைப் பேசினர். ஆசிரியர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: இருமுறை இங்கே, மூன்றாம் முறை சனிக்கிழமைக் கடையில். ஊறிய எண்ணெயை வெளியேற்றவும், துளையோரத்தில் விழும் மயிரிழை வெடிப்பைக் கண்டறியவும் பழகிய கண் வேண்டும் என்று அவர் காரணம் கூறினார். காரணம் உண்மையானது. அதற்குள் இன்னொரு காரணமும் இருந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர், யாரும் மறுக்கவில்லை.

முதல் வாரம் ஒருவர், சொல்லாமலே, வில்லைப் பெட்டிக்குள் பத்து டாலர் தாளை வைத்துவிட்டுப் போனார். எடுத்தால் தாமும் ஒரு கடை நடத்துபவராகிவிடுவோம் என்று ஆசிரியருக்குத் தோன்றியது. திருப்பிக் கொடுத்தால் நண்பரின் மானத்தைத் தொட்டதாகும். குளிர்காலம் முடிந்து லீகின் கடைசி வாரமும் வந்தது. 500க்கும் 1000க்கும் இடையில், ஓரத்தில் ஈரம் பட்டுச் சுருங்கி, அந்தத் தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது.