பெரியப்பாவின் வெண்கோல்

கைபேசியில் அழைப்பு வந்ததும் அதனைக் காதருகே கொண்டுசெல்கிறோம். உடனே திரை அணைந்துவிடுகிறது. காதிலிருந்து விலக்கினால் மீண்டும் ஒளிர்கிறது. கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. பல கைபேசிகளில் திரையின் மேற்பகுதியில் உள்ள சிறு கருவி ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. அக்கதிர் கன்னத்தில் பட்டுத் திரும்பினால், அருகில் ஏதோ இருக்கிறது என்று கருவி அறிந்துகொள்கிறது. இவ்வாறு, தொடாமலே ஒரு பொருளின் நெருக்கத்தை அறியும் கருவிக்கு அண்மை உணரி என்று பெயர்.

இக்கருவியின் அருமையை எனக்கு உணர்த்தியவர் என் பெரியப்பா. தஞ்சாவூரிலிருந்து பணிநிமித்தம் தில்லிக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டவர் அவர். கண் அழுத்த நோயால் அவருடைய பார்வை சிறிது சிறிதாகக் குறைந்து, இறுதியில் முற்றிலும் மறைந்தது. எனினும் அவர் மனம் தளரவில்லை. வெண்கோல் ஊன்றி நடக்கப் பழகினார். நாள்தோறும் காலையில் தாமே சென்று பால் வாங்கி வருவார். வழியில் காய்கறிக்காரரிடம் இந்தியில் நலம் விசாரிப்பார்.

வெண்கோல் தரையைத் தடவிச் செல்வது. படி, பள்ளம், நடைபாதையின் விளிம்பு ஆகியவற்றை அது காட்டிக்கொடுக்கும். தாழ்ந்த மரக்கிளையையோ, லாரியின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியையோ அது அறியாது. ஒருநாள் அத்தகைய கம்பியொன்று பெரியப்பாவின் நெற்றியைக் கிழித்துவிட்டது. காயம் பத்து நாளில் ஆறியது. ஆயினும் அவர் தனியே வெளியே செல்வதை வீட்டார் நிறுத்திவிட்டனர். அதன்பின் அவருடைய பேச்சும் சிரிப்பும் குறைந்துபோயின.

அந்நாளில்தான் ஸ்மார்ட்கேன் என்னும் கருவியைப் பற்றி அறிந்தோம். தில்லி ஐ.ஐ.டி.யில் உருவாக்கப்பட்டு 2014ஆம் ஆண்டில் வெளிவந்த இதனைச் சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் தயாரித்தது. வெண்கோலின் மேற்பகுதியில் கைப்பிடியாகப் பொருத்தப்படும் இக்கருவி, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை அனுப்புகிறது. முழங்காலுக்கு மேலே உள்ள தடைகளில் பட்டு அவ்வொலி திரும்புகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒலி சென்று திரும்பிய நேரத்தை இவ்வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தடையின் தொலைவு கிடைத்துவிடும். 3 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் பட்டு ஒலி திரும்புவதற்கு, ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. தடை இருப்பதைக் கைப்பிடி அதிர்ந்து உணர்த்தும். தொலைவுக்கேற்ப அதிர்வும் மாறும். வௌவால் இருளில் வழியறிந்து பறப்பதும் எதிரொலியைக் கொண்டே.

கார் பின்னோக்கி நகரும்போது எச்சரிக்கும் உணரிகளும் பெரும்பாலும் மீயொலியால் இயங்குபவையே. 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் பயணிகள் கார்களில் இவை நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. தொழிற்சாலைகளில் வேறொரு வகை உண்டு. அதில் கம்பிச்சுருள் ஒன்று காந்தப்புலத்தை உண்டாக்கும். உலோகம் நெருங்கினால் அப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கருவி கண்டறியும். மரமோ நெகிழியோ அருகில் வந்தால் அது பொருட்படுத்தாது.

பெரியப்பா இரண்டு வாரம் பயிற்சி பெற்றார். தொடக்கத்தில் சில நாள்கள் பெரியம்மா பத்தடி பின்னால் நடந்து சென்றார். பிறகு அவர் வீட்டிலேயே இருந்துவிட, பெரியப்பா மட்டும் பால் வாங்கி வந்தார். கருவி எப்படியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

“தம்பி, எதிரே ஒன்று இருக்கிறது என்பதைக் கோல் சொல்லிவிடுகிறது. அது தூணா, ஆளா என்று சொல்வதில்லை. ஆளாக இருந்தால் அவர்தான் வாய் திறக்க வேண்டும்” என்றார்.

வெண்கோல் ஊன்றி ஒருவர் உங்கள் எதிரே வந்தால், ஓசையின்றி ஒதுங்கி நிற்காதீர்கள். வணக்கம் கூறி, உங்கள் பெயரையும் சொல்லுங்கள். அது எந்த உணரியாலும் அவருக்குக் கிடைக்காத செய்தி.