கடல் பார்த்த பக்கம்

முன் பிறேக்கை அழுத்தினேன். பைக் நிற்க மனமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. காலி வீதி, பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால். நேர் எதிரே 100ஆம் இலக்க பஸ் ஆட்களை ஏற்ற நின்றிருந்தது. பின் பிறேக்கும் பிள்ளையாரும் சேர்ந்து பஸ்ஸுக்கு ஒரு சாண் இடைவெளியில் என்னை நிறுத்தினார்கள். ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால் முன் சில்லின் டிஸ்க்கில் எண்ணெய் மினுங்கியது. முன் ஷொக்கிலிருந்து வழிந்த எண்ணெய். எட்டு மாதத்தில் மூன்றாவது தடவை.

தமிழ்நாட்டில் இதை ‘ஃபோர்க்’ என்பார்கள். எங்களுக்கு முன்னுக்கும் ஷொக், பின்னுக்கும் ஷொக். முந்திய இரண்டு தடவையும் இரண்டு கராஜ்களில் கொடுத்தேன். இரண்டு இடத்திலும் ஒயில் சீலை மாற்றினார்கள், காசு வாங்கினார்கள், ஒரு வருஷத்துக்குப் பயமில்லை என்றார்கள். முதல் சீல் மூன்று மாதம் நின்றது, அடுத்தது ஆறு கிழமை. சந்தையில் விற்கிற சீல் எல்லாம் போலி என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

இந்த பைக்கை நான் வாங்கியது வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்த காலத்தின் கடைசியில். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022 வந்தது. டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. பெற்றோல் வரிசையில் ஆட்கள் படுத்துறங்கினார்கள். கியூஆர் முறை வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். புதிய பைக் வராத நாட்டில் பழையது தங்கமானது. பத்து வருஷம் ஓடியதை, அது கடையிலிருந்து இறங்கிய நாளின் விலையைவிடக் கூட்டிச் சொன்னார்கள். நாங்களும் நன்றி சொல்லி வாங்கினோம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன், புகையைப் பார்த்தேன், பதிவுப் புத்தகத்தில் இருந்த எஞ்சின் நம்பரையும் ஒப்பிட்டேன். முன் ஷொக் பளபளவென்று துடைத்திருந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் வேறு.

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்புக்குச் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரிப் பெடியன்தான் வழி சொன்னான். “கொட்டாஞ்சேனையில ஒரு பாஸ் இருக்கிறார் அண்ணை. முன் ஷொக் மட்டும்தான் செய்வார். எங்கட ஆக்கள் எல்லாம் அங்கதான்.”

இந்த ‘பாஸ்’ ஆங்கில முதலாளி இல்லை. சிங்களத்தில் கைவேலை தெரிந்தவருக்கான மரியாதைப் பெயர், ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் 1796இல் கொழும்பை விட்டார்கள். 1757இல் கட்டி முடித்த அவர்களுடைய வொல்ஃபெண்டால் தேவாலயம் இன்னும் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து மேட்டில் நிற்கிறது. தச்சனையும் மேசனையும் மெக்கானிக்கையும் பாஸ் என்று கூப்பிடுவதும் நிற்கிறது.

கராஜ் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கைக்குள். ஒரு முச்சக்கர வண்டி நுழைந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்ட வேண்டும். உள்ளே இரண்டு பைக்குக்குத்தான் இடம். சுவரில் ஆணியடித்துப் பழைய ஷொக் பைப்புகளை முருங்கைக்காய் போலத் தொங்கவிட்டிருந்தார். அந்தோனியார் படம், பக்கத்தில் மயில்மேல் முருகன், இரண்டு பேருக்கும் ஒரே சிவப்புக் குமிழ். பாஸுக்கு அறுபதை ஒட்டிய வயது. தாத்தா காலத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்த குடும்பம். தான் பிறந்து வளர்ந்தது இந்த ஒழுங்கையில்தான் என்றார். என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதும், “வெள்ளவத்தையா தம்பி?” என்று சிரித்தார்.

நான் என் போலி சீல் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை மூன்று தடவை அமுக்கி விட்டார். நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். பிறகு பெருவிரலை வலது பைப்பில் மேலிருந்து கீழாக, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார்.

“சீல் மாத்துறது ஒரு வேலையே இல்ல தம்பி. அது ஏன் போச்சுன்னு பாக்கறதுதான் வேலை. வாங்கறப்போ என்ன பாத்தீங்க?”

சொன்னேன். பளபளப்பையும் சொன்னேன்.

“தொடச்ச ஷொக்கைத்தான் மொதல்ல சந்தேகப்படணும். இருவது தடவ அமுக்கிட்டு அப்புறம் பாக்கணும். பைப்புல ஈரமா ஒரு வளையம் வந்துச்சுன்னா வெலையக் கொறைங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போங்க.”

மேலே போகுமுன் ஷொக்கைப் பற்றிக் கொஞ்சம். முன் சில்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கால். ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி இறங்கும் இரண்டு குழாய். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஆனால் தாங்கியதும் திருப்பித் துள்ளும். சின்னத் துளைகள் வழியே எண்ணெய் நெருக்கி ஓட வேண்டியிருப்பதால் அந்தத் துள்ளல் அடங்குகிறது. எண்ணெய் அடக்குகிற, தொலைநோக்கிபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இந்த வகைக் குழாயை 1935இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ ஆர்12 பைக்கில் போட்டார்கள். தொண்ணூறு வருஷமாகியும் நம் ஊர் பைக்குகளில் அடிப்படை மாறவில்லை. அந்த எண்ணெயை உள்ளே வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையத்தின் உதடு மட்டுமே. குரோம் பூசிய பைப்பை அது கவ்விக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை என்று காலி வீதியின் மேன்ஹோல் மூடிகளைக் கேட்டால் தெரியும்.

“மல்லி, தாஹதர எக தென்ன” என்றார் பாஸ். பதினான்காம் நம்பர் சாவியோடு உதவிப் பெடியன் வந்தான். பத்தொன்பது வயதுச் சிங்களப் பெடியன். எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து முன் சில்லைக் கழற்றினார்கள். பிறேக் காலிப்பரை அதன் ரியூப்பில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தான் பெடியன். முந்திய இரண்டு இடத்திலும் இதை நான் பார்க்கவில்லை. பைப்பை உருவுமுன் மேல்மூடியைத் தளர்த்தினார் பாஸ். உருவிய பிறகு தளர்த்தப் போனால் பைப் கையில் சுழலும். மூடி கடைசிப் புரிக்கு வந்ததும் பழைய சாரத்துண்டால் பொத்திக்கொண்டார். ஸ்பிரிங்கின் வேகத்தில் மூடி கூரையில் அடித்த கதையொன்று அந்தக் கராஜில் உண்டாம்.

எண்ணெயை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கவிழ்த்தார்கள். கறுப்பை எதிர்பார்த்தேன். வந்தது பால் தேத்தண்ணி நிறம்.

“தண்ணி கலந்துருச்சு. மழையில ஓடுற பைக்குல சீல் எண்ணெயை வெளிய விட்டா, தண்ணியையும் உள்ள விடும்.” விரலில் ஒரு துளி எடுத்து டோர்ச் வெளிச்சத்தில் காட்டினார். மாவுபோல் மெல்லிய உலோக மினுக்கம். உள்ளே தேய்ந்த புஷ் அரைபட்டு வந்தது.

அடியிலுள்ள அலன் போல்ட்டைத் திருப்பினால் உள்ளிருக்கும் தண்டும் கூடவே சுழன்றது. பெரிய கராஜ்களில் அதைப் பிடிக்கத் தனி ஆயுதம் இருக்கிறது. இங்கே ஒரு தும்புத்தடியின் மரப்பிடி. அதன் நுனியைச் சீவி, பைப்புக்குள் விட்டு ஒரு தட்டுத் தட்டி அழுத்திப் பிடித்ததும் தண்டு அசையாமல் நின்றது, போல்ட் கழன்றது. அந்தப் பிடியின் நுனி எத்தனை தடவை சீவிச் சீவிக் குறுகியிருக்கிறது என்பதைப் பார்த்தால் வேலையின் வயது தெரியும்.

கழுவித் துடைத்த பைப்பை ஒரு யன்னல் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து உருட்டினார்கள். மறுபக்கம் பெடியன் டோர்ச் பிடித்தான். பைப் வளைந்திருந்தால் உருளும்போது அடியில் ஒளிக்கீற்று ஒன்று திறந்து மூடும். திறக்கவில்லை. எனக்குள் போலி சீல் கதை மறுபடி தலைதூக்கியது. அப்போது பாஸ் கொஞ்சம் பஞ்சை எடுத்துப் பைப்பின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் பஞ்சின் ஒரு நார் பிடிபட்டு நின்றது.

“நகத்த வச்சுப் பாருங்க.”

வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று நகத்தில் தட்டுப்பட்டது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோது ஒரு கடுகில் பாதி அளவு புள்ளி, நடுவில் துரு. பக்கத்தில் இன்னும் நாலைந்து, ஊசிமுனை அளவில். தலைமுடியைவிட மெல்லிய குரோம் பூச்சு அந்த இடங்களில் விட்டுப்போயிருந்தது. பைக் பள்ளத்தில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் சீலின் உதடு அந்தப் பள்ள விளிம்பில் உரசிப் போயிருக்கிறது. எவ்வளவு நல்ல சீலைப் போட்டிருந்தாலும் இதே கதைதான். எட்டு மாதமாக நான் சீல் வியாபாரிகளைத் திட்டியதெல்லாம் வீண்.

“எங்க நிப்பாட்டுவீங்க தம்பி?”

“வெள்ளவத்தையில அண்ணை, மரைன் டிரைவ் பக்கம். கேற்றுக்கு வெளியில.”

“கடல் எந்தப் பக்கம்?”

மனதுக்குள் பைக்கை நிறுத்திப் பார்த்தேன். முகப்பு தெற்கே தெஹிவளைப் பக்கம், வலப்பக்கம் கடல். புள்ளிகள் எல்லாம் வலது பைப்பில், அதுவும் வெளிப்பக்கத்து முகத்தில். அதற்குள் அவர் பைக்கின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி முந்திய சொந்தக்காரரின் விலாசத்தைப் பார்த்துவிட்டார்: முகத்துவாரம். “ஒரு கடல்லேர்ந்து எடுத்து இன்னொரு கடல்ல கொண்டாந்து நிப்பாட்டிட்டீங்க.”

பைப்பை அரை வட்டம் திருப்பிப் போட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னதை எடுத்துவிட்டேன். பெடியனுக்கே சிரிப்பு வந்தது. சீல் வட்டமாகக் கவ்வுகிறது, புள்ளி எந்தத் திசையில் இருந்தாலும் அதன்மேல்தான் போக வேண்டும். குரோமைச் சுரண்டி, மறுபடி பூசி, அளவுக்குக் கடைந்தெடுக்கலாம். சின்ன பைக்குக்கு அந்தச் செலவு கட்டாது என்றார் பாஸ். மறுநாள் காலையில் பஞ்சிகாவத்தையில் ஒரு நல்ல பழைய பைப் கிடைக்கிறதா பார்க்கச் சொல்லி, கிழிந்த பஞ்சுத் துண்டொன்றைச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார்.

பஞ்சிகாவத்தையில் கொழும்பின் பாதி வாகனம் உதிரியாகக் கிடக்கிறது. மூன்று கடை ஏறினேன். எடுத்த பைப்பில் எல்லாம் பஞ்சு பிடித்தது. பிடிக்காத ஒன்று கடைக்காரரின் மேசைக் கண்ணாடியில் உருட்டியபோது நொண்டியது. “பாஸ் அனுப்பினவரா?” என்று கேட்டுவிட்டு அவரே அதை வாங்கித் திரும்ப மாட்டினார். புதிய சோடியின் விலையைக் கேட்டேன், அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்தேன், கையை வீசிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினேன்.

இதற்குள் பாஸ் ஒட்டு வேலையை முடித்திருந்தார். இரவே புள்ளிகளின் விளிம்பை எண்ணெய்க் கல்லால் மழுக்கி, தின்னரால் கழுவி, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து பல்குத்தும் குச்சியால் நிரப்பி வைத்திருந்தார். இப்போது நனைத்த 2000ஆம் நம்பர் அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார், கோலம் போடுகிற நிதானத்தில். பஞ்சை இழுத்தார், வழுக்கிப் போனது. “இது ஒட்டு தம்பி, மருந்தில்ல. ஒரு வருசம் ஓடலாம், ஆறு மாசத்துல போகலாம். புதுப் பைப்புக்குச் சேத்து வைங்க.” ஒரு வருஷத்துக்குப் பயமில்லை என்ற முந்திய இரண்டு வாக்குறுதிகளைவிட இது எனக்குத் தெம்பாக இருந்தது.

பூட்டும்போது பெடியன்தான் முன்னுக்கு நின்றான். பைப் முனையில் சொப்பின் பையைச் சுற்றி, அதன்மேல் எண்ணெய் தடவி, புதுச் சீலை இறக்கினான். முனையின் கூர் உதட்டைக் கிழிக்காமல் இருக்க. சீலை உள்ளே இருத்தப் பழைய சீலையே மேலே வைத்து, அளவான பிவிசி குழாய்த் துண்டால் தட்டினான். எண்ணெயை அளந்தது ஒரு சூப்பிப் போத்தலில். ஊற்றி, பைப்பை மேலும் கீழும் இழுத்துக் காற்றைப் போக்கி, ஓர் அடிமட்டத்தை விட்டு இரண்டு காலிலும் மட்டம் ஒன்றா என்று பார்த்தான்.

அவன் நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சிச் சபையில் பரீட்சை எழுதி என்விகியூ என்ற தொழில்தகைமைச் சான்றிதழ் எடுக்கப் போகிறான். கையால் கற்ற தொழிலுக்கும் அந்தச் சான்றிதழ் உண்டு. எடுத்தால் கொரியா, இல்லாவிட்டால் டுபாய். இதுவரை நாலு பேரைப் பழக்கி அனுப்பியாயிற்று என்றார் பாஸ். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று பிடிபடவில்லை. அவருக்குச் சேமலாப நிதி கிடையாது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, மண்ணெண்ணெயில் ஊறி விரல் நுனிகளில் தோல் வெடித்திருக்கிறது. புது பைக்குகள் வந்து இறங்கத் தொடங்கிய பிறகு வேலை குறைந்ததா என்று கேட்டேன். “டெலிவரிப் பசங்க இருக்கற வரைக்கும் கொறையாது. பகல்ல பைக் சம்பாதிக்கணும், அதனால ராத்திரி பத்து மணிக்கு வருவானுக.” அவர்களிடம் கூலியைத் தவணையாக வாங்குகிறார். சுவரில் முருகனுக்குக் கீழே கரியால் எழுதிய கணக்குகளின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

சில்லைப் பூட்டி, அச்சை இறுக்குமுன் முன்பக்கத்தை ஏழெட்டுத் தடவை அமுக்கச் சொன்னார். அப்போதுதான் இரண்டு காலும் தாமே நேராக அமரும். அமுக்காமல் இறுக்கினால் கால்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும், சீல் ஒரு பக்கமாகத் தேயும். டிஸ்க்கைத் தின்னரால் கழுவினார்கள். எண்ணெய் குடித்த பிறேக் பாட் கழுவினாலும் தேறாது என்று புதியது போட்டார்கள்.

கிளம்பும்போது கேட்டேன்: “இனி பைக்க மற்றப் பக்கம் திருப்பி நிப்பாட்டவா அண்ணை?”

“அப்ப மத்தப் பைப்புல புள்ளி வரும்.”

அவர் ஏணியில் ஏறி, பரணிலிருந்து தூசி படிந்த இரண்டு ரப்பர் உறைகளை இறக்கினார். மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்தி போல. பழைய பைக்குகளில் பைப்பை மூடி இது இருக்கும். பிறகு அழகுக்காகக் கழற்றிவிட்டார்கள், பளபளக்கும் பைப் வெளியே தெரிய வேண்டுமாம். கடலோர ஊரில் யாருக்கு யார் காட்டுகிற அழகோ. மாதம் ஒரு தடவை தூக்கி உள்ளே ஈரம் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உறையே துருவை வளர்க்கும் என்று எச்சரித்துத்தான் மாட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

இரவு வீட்டு வாசலில் நிறுத்தியபோது என் மகள் பைக்கைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“என்னப்பா இது, ரெண்டு தும்பிக்கை?”