முள் முட்டிய பிறகு

சென்னையிலிருந்து தெற்கே பிரயாணம் செய்கிறவர்களுக்குத் திண்டிவனம் என்றால் காப்பி. விழுப்புரம் என்றால் ஜங்ஷன். இரண்டுக்கும் நடுவே 40 கிலோமீட்டர்கூட இல்லை. அந்தத் தூரத்தை நம்மில் பலர் தூங்கியே கழித்துவிடுகிறோம். அடுத்த தடவை போகும்போது, நேயர்களே, கொஞ்சம் கண்ணைத் திறந்து வெளியே பாருங்கள். மேற்கே செஞ்சிப் பக்கம், யாரோ ராட்சதக் குழந்தை கல் அடுக்கி விளையாடினாற்போல் குன்று குன்றாகப் பாறைகள். கிழக்கே முருகன் கோயில் கொண்டிருக்கும் மயிலம் குன்று. "அசையாத பூமி என்றால் இதுதான்!" என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அசைந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு சுமார் 8.30 மணிக்கு, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஒரு பூகம்பம். அளவு ஏறக்குறைய 5.5. சென்னை வரையில் அதிர்ச்சி தெரிந்தது. ஜனங்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள் கிணுகிணுத்தால், அதுவும் ஒரு பூகம்பமானிதான். விஞ்ஞானிகளுடைய கருவியின் தத்துவமும் எளிது. ஒரு சட்டத்தில் கனமான குண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். பூமி அசைந்தால் சட்டம் கூடவே அசையும். குண்டு தன் கனத்தால் சட்டென்று அசையாது. இந்த வித்தியாசமே கோடாகப் பதிவாகிறது. விழுப்புரத்தில் நீங்கள் பார்க்கும் மதுரை ரயில் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனையும் தாண்டித்தான் போகிறது. அங்கே மலைமேல், வானிலே சூரியனை ஆராயும் நிலையத்தில், 1899-லேயே இப்படி ஒரு கருவியை வைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஏற்படும் மெல்லிய நடுக்கத்தையும் பிடிப்பதற்காகச் செய்த கருவி இது. தங்கம் நிறுக்கும் தராசில் அரிசி மூட்டையை வைத்தால் என்ன ஆகும்? பக்கத்திலே பெரிய பூகம்பம் வந்தால் இதற்கும் அதே கதிதான். அந்த நாளில் போட்டோக் காகிதத்தில் ஒளிப்புள்ளி ஓடிக் கோடு போடும். அதிர்ச்சி மிஞ்சினால் புள்ளி காகிதத்தை விட்டே ஓடிவிடும். இந்நாளைய எலெக்ட்ரானிக் கருவியில் அலையின் உச்சி, ரம்பத்தால் அறுத்தாற்போல் தட்டையாகிவிடும். எது முக்கியமோ அதுவே காணாமல் போகிறது!

போனது போனதுதானா? இதற்குப் பதில் தேட, மயிலத்திலிருந்து இன்னும் தெற்கே திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். வக்கிரகாளியம்மன் தரிசனம் ஆனதும், பக்கத்திலேயே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முந்தியவை. கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை. ஆனாலும் கல்லுக்குள் இருக்கும் ரேகைகளைப் பார்த்து, இது புளியமரத்தின் வம்சம், இது இன்ன வம்சம் என்று நிபுணர்கள் சொல்லிவிடுகிறார்கள். மிஞ்சியதைக் கொண்டு போனதை அறிவது என்பது இதுதான்.

அறுபட்ட அலைக்கும் இதே யுக்தி. வாசலில் நீங்கள் போட்ட கோலத்தின் ஒரு மூலையைச் சைக்கிள் சக்கரம் அழித்துவிட்டது. மறுபடி போடத் தெரியாமலா இருக்கிறீர்கள்? இழை எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று தெரிகிறது; புள்ளிக் கணக்கும் தெரியும். அப்படியே, அலை எவ்வளவு வேகமாக மேலேறி மறைந்தது, எவ்வளவு வேகமாகக் கீழே இறங்கியது என்று பார்த்து, நடுவில் இருந்த உச்சியைக் கணக்குப் போட்டு வரைகிறார்கள். வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, மேல்-கீழ் என்று மூன்று திசையிலும் பதிவு உண்டு. ஒன்று அறுபட்டால் மற்றவை சாட்சி சொல்லும். அதிர்ச்சி அடங்கும் வால் பகுதி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் துப்புக் கொடுக்கும்.

கற்பனை கலந்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்கும் பரீட்சை உண்டு. முழுசாய் இருக்கும் ஒரு பதிவின் உச்சியை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, மீட்டு வரைந்து, அசலோடு ஒத்துப் பார்க்கிறார்கள். கொஞ்சம் வெட்டுப்பட்டால் நன்றாக ஒத்துவரும். ரொம்பப் போயிருந்தால் வராது. அதனால்தான் இப்போது தங்கத் தராசுக்குப் பக்கத்தில் மூட்டைத் தராசும் வைக்கிறார்கள். பலத்த அதிர்ச்சியை மட்டும் பதியும் கருவி அது. 1967 டிசம்பர் 11-ல் மகாராஷ்டிரத்துக் கொய்னா அணைக்குள் இருந்த அத்தகைய கருவியின் பதிவு, உலகெங்கும் அணை கட்டுகிறவர்களுக்குப் பாடமாயிற்று.

ஓர் எண்ணுக்காக இவ்வளவு பாடா என்று தோன்றலாம். திண்டிவனத்துக்குக் கிழக்கே உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் கரையைக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே பூகம்பம். கால் மணி நேரத்தில் பசிபிக் சுனாமி மையம் சொன்ன அளவு 8.0. இங்கே அறுபட்டது முள்ளின் கோடு அல்ல, கணக்குத்தான். முதலில் வந்த அலைகளை மட்டும் வைத்து அளந்தார்கள். கடலடி பிளந்துகொண்டு போனதோ 8 நிமிஷத்துக்கு மேல். பிறகு, தட்டிய மணி போலப் பூமி முழுவதும் நாள் கணக்கில் அதிர்ந்த ரீங்காரத்தை ஸ்டைன், ஓகால் என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2005-ல் 9.3 என்றார்கள். 8.0-க்கும் 9.3-க்கும் சக்தியில் சுமார் 90 மடங்கு வித்தியாசம்! ஆனால் அந்தப் பூகம்பம் கிளப்பிய அலை, அன்று காலையிலேயே இந்தக் கரையின் மீனவக் குப்பங்களில் உயிர்களைக் கொண்டுபோய்விட்டது.

2007-ல் ஹைதராபாத்தில் நம் நாட்டுக்கென்றே சுனாமி எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. அதற்கு முன்பே, 2002-ல், பூகம்ப வரைபடத்தில் சென்னையை 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-ஆம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். தூணுக்கு எத்தனை கம்பி என்பது இப்படிப்பட்ட பதிவுகளைப் பார்த்து முடிவாகிற விஷயம். ஆகவே, வீடு கட்டும் யோசனை இருந்தால், வர்ணத்தையும் ஜன்னலையும் பற்றிக் கேட்குமுன், "பூகம்பத்துக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று இன்ஜினீயரை ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.